பங்குனி வெள்ளிக்கிழமையில் ஒரு கூட்டாஞ்சோறு

மகனே,

போன வாரம் போனில் எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டாய். "அம்மா மனசார வருவாளாப்பா?" நான் "பாப்போம்லே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் எவனாவது எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மறுநாள் முதல் வேலையாக அவனை எழுப்பிப் பதிலைச் சொல்வேன். உன் கேள்விக்கான பதில் புத்தகத்தில் இல்லை. அது உன் அம்மாவிடம் இருந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. நேற்றுக் காலையில்தான் திறந்தாள். அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கணக்கில் விடையை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். மெர்லினும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

நீ மெர்லினைப் பற்றிச் சொன்ன நாளில் அம்மா சண்டை போடவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தூத்துக்குடிக் கடற்கரைப் பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், அப்பா தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய் வந்தவர் என்று நீ சொல்லச் சொல்ல, அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தாள். நம் வீட்டு அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை. அவள் கவலை எல்லாம் அந்த ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டது. நீ அங்கே என்ன சாப்பிடுவாய், உன் வீட்டுக்கு வந்தால் தன்னால் ஒரு வாய் தண்ணீராவது நிம்மதியாகக் குடிக்க முடியுமா என்று. என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்: "அவன் கல்யாணத்த நான் தடுக்க மாட்டேன். ஆனா எம் மூஞ்சிய மாத்தி வச்சுக்கிட்டு மேடையில நிக்க என்னால ஆகாது." மெர்லினுடைய அப்பா அந்தோணியும் அம்மா அமலியும் ஒருநாள் வந்து பார்க்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, வரட்டும், வந்தவர்களைப் பட்டினி போட்டு அனுப்ப மாட்டேன், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அனுமதி.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு எனக்கு மிச்சமிருக்கிற ஒரே உத்தியோகம் காலையில் உழவர் சந்தைக்குப் போவது. மகாராஜநகர்ச் சந்தையில் விலைப்பலகையில் சாக்பீஸால் எழுதி முடிப்பதற்குள் நான் போய் நின்றுவிடுவேன். சாக்பீஸ் தூள் வாசனைக்காகவே வருகிறேன் என்று அங்கே கேலி உண்டு. பங்குனி மாதச் சந்தையை நீ பார்த்ததில்லை. உனக்குப் பங்குனி என்றால் பரீட்சை. ஊரே வெயிலில் வாடத் தொடங்குகிற சமயத்தில் சந்தை மட்டும் பச்சையாக இருக்கும். பிசான நெல் அறுப்பு முடிந்து புது அரிசி வந்திருக்கும். மாங்காய் இன்னும் கொட்டை முற்றாமல், கத்தி வைத்தால் சரக்கென்று இறங்கும். முருங்கைக்காய் இளசாக, விரலில் வளைத்தால் வளைந்து கொடுக்கும். களக்காட்டு வாழைக்காய், விடியற்காலையில் பறித்துப் பனி ஈரத்தோடு வந்த கத்தரிக்காய், சீனியவரை, பிஞ்சு வெள்ளரி, ஒரு ஓரத்தில் சாக்கு விரித்துக் குவித்த வேப்பம்பூ. நீங்கள் இருவரும் சென்னையில் குடித்தனம் வைக்கும்போது இதை மட்டும் செய்யுங்கள். என்ன சமைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். போய், முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறதோ அதை வாங்கிவிட்டு, பிறகு என்ன சமைப்பது என்று யோசியுங்கள். பாடத்தை முடிவு செய்துகொண்டு வகுப்புக்குள் போகிற புது வாத்தியார், எதிரே இருக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன்.

அவர்கள் வருவதற்கு நாள் குறித்தது நான். நல்ல காரியத்துக்கு வெள்ளிக்கிழமையைவிட வேறு என்ன வேண்டும் என்று பங்குனி முதல் வெள்ளியைச் சொன்னேன். அந்தோணி போனில் ஒரு கணம் தயங்கின மாதிரி இருந்தது. பிறகு, சரி சார், வந்துருதோம் என்றார். அன்று காலை சந்தையில் நான் இரண்டு பைகளையும் நிரப்புவதைப் பார்த்து, கீரைக்காரப் பேச்சியம்மாள் விடவில்லை. "என்ன சார், பள்ளிக்கொடத்துக்கே சோறு பொங்கப் போறியளா?" என்றாள். சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றேன். கூடவே ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்துப் பைக்குள் திணித்து, சம்பந்தக்காரங்க வாயக் கட்ட இது போதும் என்றாள். வீட்டில் அம்மா அதற்குள் இட்லி அவித்து, பொங்கல் வைத்து, வடைக்கு மாவு ஆட்டி, கேசரியும் கிண்டி வைத்திருந்தாள். மனசு ஒப்பாத வேலையில்தான் அவள் கை அதிகமாக ஓடும். நீ பார்த்திருப்பாய்.

ஒன்பது மணி வாக்கில் வந்தார்கள். அந்தோணி உயரமான மனிதர், வாசல்படியில் தலை குனிந்து நுழைந்தார். அமலி ஒரு பெட்டி உடன்குடிக் கருப்பட்டியை அம்மாவின் கையில் கொடுத்து, மக்ரூன் வாங்கத்தான் கடைக்குப் போனோம் மதினி, அதில் முட்டை சேர்ப்பார்கள் என்று நினைவு வந்து திரும்பிவிட்டோம் என்றார். அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. உடனே உள்ளே போய் இலை போட்டாள். அங்கேதான் சிக்கியது. உட்காருங்கள் என்றால் இருவரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். இருக்கட்டும் மதினி, அப்பறம் பாத்துக்கிடலாம் என்கிறார் அமலி. காப்பியாவது என்றாள் அம்மா. அதுவும் வேண்டாமாம். கடைசியில் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் வாங்கி இருவரும் பகிர்ந்து குடித்தார்கள். இலையில் வைத்த வடை அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. நான் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினேன். பிறகு மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். மதியத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்கத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், துருவியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். அடுப்பும் அணைந்திருந்தது. "பாத்தியளா? ஒரு இட்லியப் பிய்க்கல. நாந்தான் யோசிக்கணும்னு நெனச்சேன். அவுகளும் நம்ம வீட்ட யோசிக்காக." அவள் குரலில் கோபம் இல்லை, அவமானம் இருந்தது. இனி மதியச் சமையல் யாருக்கு என்று கேட்டாள். சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டு நானே சொல்லிக்கிடுதேன் என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் இப்போது தெரியும்.

கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அந்தத் தண்ணீர்ச் செம்பு என் கண்ணில் பட்டது. உடனே எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை நினைவுக்கு வந்தது. அது வேதக்காரர்கள் நடத்துகிற பள்ளிக்கூடம். என் பக்கத்து நாற்காலியில் இன்னொரு கணக்கு வாத்தியார் இருந்தார். முழுப் பரீட்சை நெருங்குகிற மாதத்தில், வெள்ளிக்கிழமை தோறும் பதினோரு மணி டீ வரும்போது அவர் தன் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். தண்ணீர் மட்டும் குடிப்பார். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து, சீரகத் தண்ணீர் குடியுங்கள் சார் என்று நான் வருஷா வருஷம் வைத்தியம் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். தவக்காலம், ஒருசந்தி என்கிற சொற்களெல்லாம் அந்த வராந்தாவில் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தன. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு அது. அதில் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதுதான் ஒருசந்தி. இத்தனை காலம் அவர்கள் அடித்த மணிக்கு வேலை பார்த்தவன், சம்பந்தம் பேச அவர்களை அழைத்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமையில், அதுவும் காலைப் பலகாரத்துக்கு.

கூடத்துக்குப் போய் அந்தோணியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இன்றைக்கு ஒருசந்தியா? மனிதர் தலையைக் குனிந்து சிரித்தார். நீங்க நல்ல நாளுன்னு ஆசையாச் சொன்னிய சார், அத மாத்தச் சொல்ல வாய் வரல என்றார். அப்படியானால் வந்தவுடனாவது சொல்லியிருக்கலாமே என்றேன். நோன்பு இருக்கிறவன் அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மதியம் ஒரு வேளை உங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று நினைத்து முந்தின நாள் சாயங்காலத்தோடு நிறுத்தினோம் என்றார் அவர். நான் அடுப்படிப் பக்கம் திரும்புவதற்குள் அமலி எழுந்து உள்ளே போய்விட்டிருந்தார்.

நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே அமலி விஷயத்தைச் சொல்லி முடித்தார். பிறகு அம்மாவையே கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மதினி, நீங்க காலையில எதாவது சாப்பிட்டியளா?" அம்மா தரையைப் பார்த்தாள். இல்லை என்றாள். வெள்ளிக்கிழமை, திருச்செந்தூர் முருகனுக்கு விரதம், உச்சிவேளை பூசை முடியாமல் பல்லில் எதுவும் படாது என்றாள். எனக்கும் அது அன்று மறந்துபோயிருந்தது. காலையிலிருந்து இரண்டு பெண்களும் காலி வயிற்றோடு நின்றுகொண்டு, ஒருவர் சாப்பிடு என்றும் மற்றவர் பரவாயில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது அமலி. அம்மாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கின பிறகு அமலி சொன்னது இது: "இந்தத் தவக்காலம் முழுக்க எம் மவளுக்காகத்தான் மதினி ஒருசந்தி இருக்கேன். போற வீட்ல அவள ஏத்துக்கிடணும்னு. நீங்க யாருக்காக இருக்கிய?"

அம்மா, "எம் பையனுக்காக" என்றாள். அது பொய் இல்லை. ஆனால் அந்த விரதம் எதற்கு என்பது எனக்குத் தெரியும். நீ மெர்லினைப் பற்றிச் சொன்ன வாரத்தில் தொடங்கியது அது, உன் மனசு மாற வேண்டும் என்று. இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். எழுதுங்க, ரெண்டு பேருமே படிக்கட்டும், மறைச்சு வைக்க இனி என்ன இருக்கு என்றாள். ஒருத்தி ஒன்று வேண்டிப் பட்டினி கிடக்க, எதிரே நிற்கிறவள் அதற்கு நேர் எதிரானதை வேண்டிப் பட்டினி கிடக்கிறாள். இரண்டு பேருக்கும் பசி ஒன்றுதான். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். சொதிக்கு இனி நேரமில்லை, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கூட்டாஞ்சோறு வைத்துவிடலாம் என்றாள். அமலி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கீரையை எடுத்தார்.

காய் நறுக்குகிற வேலை ஆண்களுக்கு வந்தது. அந்தோணி இளவயதில் தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, ஏறியவராம். நான் வாழைக்காயை ஒரே அளவில் சீவ வேண்டும் என்று ஸ்கேல் வைத்த மாதிரி சீவிக்கொண்டிருந்தேன். இப்படிச் சீவினால் தோணி மாலத்தீவு போய்த் திரும்பி வந்தாலும் சோறு வேகாது சார் என்று என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். மாங்காய் நல்ல புளிப்பாக இருக்கிறதே, அப்படியானால் புளியைக் குறைத்துக் கரைக்கச் சொல்லுங்கள் என்றார். உள்ளேயிருந்து அம்மா, குறைத்துத்தான் கரைத்திருக்கிறேன், அவுகள நறுக்க மட்டும் சொல்லுங்க என்றாள். அவருக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அமலியும் இதையே சொல்லுவாளாம்.

கூட்டாஞ்சோற்றில் எல்லாம் ஒரே பானைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் அது சோறாக வராது, களியாகத்தான் வரும். துவரம்பருப்பு முதலில் போக வேண்டும், அது பாதி வெந்த பிறகு அரிசி. பங்குனியில் புது அரிசி என்பதால் தண்ணீர் கொஞ்சம் குறைய. பிறகு வாழைக்காய், சீனியவரை, முருங்கைக்காய். கத்தரிக்காயும் மாங்காயும் பொறுத்துத்தான் வர வேண்டும், முந்தி வந்தால் கரைந்து ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும். தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் அரைத்த விழுது அதற்கப்புறம். முருங்கைக்கீரை கடைசி, இறக்குவதற்குச் சற்று முன்னால். விரதம் என்பதால் அன்று வெங்காயம் இல்லை. தாளித்த தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் அந்தக் குறையைத் தெரியாமல் செய்துவிட்டன. என் வகுப்பிலும் சட்டென்று பிடித்துக்கொள்கிற பையன் உண்டு, மெல்ல மெல்ல வேகிற பையனும் உண்டு. இருவரையும் ஒரே மணிக்கு இறக்கத்தான் வாத்தியார். நீங்கள் இருவரும் ஒரு வீட்டுக்குள் போகிறீர்கள், சரி. அதற்காக எல்லாம் முதல் மாதத்திலேயே கலந்துவிட வேண்டும் என்று அவசரப்படாதே. அவளுடைய கோயிலும் உன்னுடைய கோயிலும், அவள் வீட்டுப் பேச்சும் நம் வீட்டு மௌனமும், ஒவ்வொன்றும் பானைக்குள் இறங்க ஒரு நேரம் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் ஒரு நேரம் இருந்தது. நீயும் நானும் அவளைப் பருப்பு வேகிற நேரத்தில் வேக வைக்கப் பார்த்தோம்.

உச்சிவேளை பூசை முடித்து அம்மா திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். அமலி உதட்டுக்குள் செபம் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நான் மட்டும் காலையில் இட்லி சாப்பிட்டவன், அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பளமும் கூழ்வற்றலும் மட்டும்தான் துணைக்கு. இரண்டாம் தடவை அமலி இலையில் அம்மா சோறு வைக்கப் போனபோது அவர் தடுக்கவில்லை. ஒரு வேளைதான மதினி, வைங்க என்றார். புறப்படும்போது அந்தோணி என்னை முதல் தடவையாக அண்ணாச்சி என்று கூப்பிட்டார். ஆறிப்போன இட்லியையும் வடையையும் அம்மா இலையில் கட்டி, சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். உனக்குப் போன் போடவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீயும் மெர்லினும் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து அவள் பழையபடி பேசாமல் ஆகிவிட்டாள். நீ போனில் கேட்டபோது நான் பார்ப்போம் என்று சொன்னது அதனால்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் விரதம் இருந்தாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள், விரதத்தைப் பாதியில் விட்டால் சாமி குற்றம், ஆனால் வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அன்றைக்கு நான் பார்த்ததைத்தான். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இரண்டு பேரும் பசியோடு நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் சாப்பிடச் சொல்லி உபசரித்துக்கொண்டிருப்பீர்கள். மரியாதை என்று நினைத்து மறைப்பீர்கள். மற்றவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில், நீ சாப்பிட்டாயா என்று யாராவது ஒருவர் முதலில் கேட்டுவிடுங்கள். அமலி கேட்டார். இத்தனை வருஷம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை.

நேற்று நான் பையை எடுத்தபோது அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். முழங்கால் வலி என்று சந்தைப் பக்கமே வராதவள். மாவடு நல்லதாக வந்திருக்கும், பார்த்து வாங்க உங்களுக்குத் தெரியாது என்றாள். வடு வாங்கினாள், ஒவ்வொன்றாகக் காம்பு பார்த்து. வெளியே வந்ததும், காருகுறிச்சி மண்பாண்டங்களைத் தெருவோரத்தில் பரப்பி வைத்திருக்கிற கடையில் நின்றாள். வடு போட ஜாடி பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் வாய் அகன்ற ஒரு சட்டியை எடுத்து, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டாள். கடைக்காரி என்னைத் தினமும் பார்க்கிறவள். ரசத்துக்குன்னா இது ஆகாது அம்மா, உயரமா தாரேன் என்றாள். அம்மா சட்டியைக் கீழே வைக்கவில்லை. "மீன் கொழம்புக்கு" என்றாள். கடைக்காரி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சார் வீட்டிலா மீன் என்று கேட்டே விட்டாள். "எனக்கில்ல. எம் மருமவளுக்கு" என்றாள் உன் அம்மா. அதுவரை அந்தப் பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனசார வருவாளா என்று கேட்டாய். இதை நான் எழுதுகிற இந்த நேரத்தில் அவள் புறவாசலில் இருக்கிறாள். அந்தச் சட்டியில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி நிழலில் வைத்திருக்கிறாள். காலையிலும் சாயங்காலத்திலும் மாற்றுகிறாள். நான் கிட்டே போனால் தொடாதிய, பைய இருக்கட்டும் என்கிறாள். பழகாத சட்டியை அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடுமாம். வைகாசிக்குள், உங்கள் கல்யாணத்துக்குள், பழகிவிடுமாம்.

அப்பா